எழுபதில் ஆடிய ஸ்டீரிங்

வண்டியில் ஒரு பழுதும் இல்லை என்று மெக்கானிக் சொன்னால் யாருக்கும் சந்தோஷம்தான் வரும். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். சித்தூர் ஜெபகுமாருக்கு மட்டும் அந்த வார்த்தையைக் கேட்டதும் பயம் வந்துவிட்டது. வண்டியில் இல்லையென்றால் வேறு எதில் என்ற கேள்வி அடுத்ததாக வந்து நிற்குமே, அதனால்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மிஷன் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. சொந்தமாக ஆறு சக்கர லாரி ஒன்று. அதன் நெற்றியில் ‘எபினேசர்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கும். மனைவி தபீதாள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். ஒரே மகள் லீனா பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். ஜெபகுமாரிடம் குடி கிடையாது, பீடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லோடு ஏற்றுவது கிடையாது. மனுஷனுக்கு இருந்த ஒரே பைத்தியம் பெயின்ட்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆயுத பூஜை அன்று லாரி ஸ்டாண்டில் மற்ற வண்டிகளெல்லாம் மஞ்சள், குங்குமம், வாழைக்கன்று, பூமாலை என்று மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். இவருடையது கிறிஸ்தவ வண்டி. பொட்டு கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையாது. “இன்னா ஜெபா, உன் வண்டி மட்டும் குளிக்காத வந்தாப்ல கீது” என்று ஒரு வருஷம் யாரோ கேலி செய்துவிட்டார்கள். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் வண்டிக்குத் தன் கையாலேயே பெயின்ட் அடிப்பார். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் வண்டியை நிறுத்துவார். சபைப் போதகரான ஐயர் அங்கியோடு வந்து, வண்டியின் முன்னால் கைவைத்து ஜெபம் பண்ணுவார். சபையே சுற்றி நின்று பார்க்கும். சக்கரங்கள் வெள்ளி நிறத்தில் மின்னும், நட்டுகளெல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கும்.

சும்மா மேலுக்கு அடிக்கிற ஆளில்லை அவர். சக்கரத்தைக் கழற்றிச் செங்கல் மேல் படுக்க வைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டிலும் அடிப்பார். உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தபீதாள் கேட்டால், “ஜனங்க பாக்காத பக்கத்த கர்த்தர் பாக்கறாரே” என்பார். அவள் தையல் மெஷினுக்குத் திரும்பிவிடுவாள்.

போன டிசம்பரில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. முப்பத்தோராம் தேதி மத்தியானம்தான் வெயில் எட்டிப் பார்த்தது. இவர் அரக்கப்பரக்க முன்சக்கரம் இரண்டுக்கும் தடிமனாக அடித்து, தொட்டால் விரலில் ஒட்டுகிற ஈரத்திலேயே வண்டியில் மாட்டிவிட்டார். மறுநாள் கோயில் வாசலில் எல்லோரும் ஆகா என்றார்கள்.

ஸ்டீரிங் ஆட ஆரம்பித்தது அந்த ஜனவரியில்தான். சித்தூரில் மாங்கூழ் டின்களை ஏற்றிக்கொண்டு திருப்பதியைத் தாண்டி ரேணிகுண்டா பக்கத்துக் கிடங்கில் இறக்குவது அவருடைய வாடிக்கையான வேலை. பூதலப்பட்டு தாண்டி நாலுவழிச் சாலையில் வேகம் பிடித்து, முள் அறுபத்தைந்தைத் தொட்டதும் ஸ்டீரிங் லேசாக உதறும். எழுபதில் நன்றாகவே ஆடும். வேகத்தை அறுபதுக்குக் கீழே இறக்கிவிட்டால் ஆட்டம் போன இடம் தெரியாது. முதல் வாரம் ரோட்டைத் திட்டினார். இரண்டாவது வாரம் டயரைத் திட்டினார். மூன்றாவது வாரம் சித்தூரில் மெக்கானிக் சுரேஷ்பாபுவிடம் போய் நின்றார்.

சுரேஷ்பாபு ஏனோதானோ என்று வேலை பார்க்கிறவன் இல்லை. முன்சக்கரம் இரண்டையும் கழற்றி மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டு எடை சரிபார்த்தான். ஸ்டீரிங் கம்பிகளின் மூட்டு ஒவ்வொன்றையும் கடப்பாரை வைத்து நெம்பிப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். சித்தூர் ஊருக்குள் ஆட்டோவும் மாடும் விட்டால் அல்லவா எழுபதில் போவது? ஐம்பதுக்கு மேல் போயிருக்க மாட்டான்.

“வண்டில ஒண்ணுமே இல்லணா. அந்தா பாகுந்தி, எல்லாம் சரியா கீது” என்றான் இறங்கி வந்து. “கை அசந்துபோயிருக்கும். நீயும் எத்தினி வருஷமா ஓட்டிக்கினு கீற.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். இவருக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது. ஏனென்றால் இவருடைய நைனா, அதாவது அப்பா, இயேசுதாசனுக்கு நடந்தது சுரேஷ்பாபுவுக்குத் தெரியாது.

இயேசுதாசன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுத்த கை. ஐம்பத்து நாலாவது வயதில் அந்தக் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றோடொன்று உரச ஆரம்பித்தன, இல்லாத ஒரு மாத்திரையை உருட்டுகிற மாதிரி. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினார். பத்தடி தள்ளி டாக்டர் உட்கார்ந்திருக்கிறார், இவர் கையை வெளியே எடுக்கவில்லை! தட்டிலிருந்து வாய்க்குப் போகிற சோறு பாதி மடியில் சிந்துகிற நிலைமை வந்த பிறகுதான் நடுக்குவாதம் என்று வைத்தியம் பார்த்தார்கள். கடைசி வருஷங்களில் அவருக்கு ஊட்டிவிட்டது மருமகள் தபீதாள்தான்.

இந்த ஜனவரியில் ஜெபகுமாருக்கும் ஐம்பத்து நாலு ஆயிற்று.

இனி சொல்லவா வேண்டும்? ஆட்டம் கையில்தான் என்று முடிவே கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்ப்பார். அசையாது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அசையாது. அப்பாடா என்று மூச்சு விடுவார். மறுநாள் எழுபதில் ஸ்டீரிங் உதறும், திரும்பவும் செம்பைத் தூக்குவார். டிரைவர் கை ஆடினால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் வண்டி போகும், வண்டி போனால் தான் யார் என்பதே அவருக்கு விளங்கவில்லை. பதினெட்டு வயதில் கிளீனராக ஏறியவர், வேறு ஒரு வேலையும் தெரியாது. அதனால் ஐம்பத்தைந்தைத் தாண்டாமல் ஓட்டத் தொடங்கினார். ஆட்டமும் இல்லை, கேள்வியும் இல்லை. ட்ராக்டர்காரன்கூட ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னான். ஒதுங்கினார். அழுகையாக வந்தது அவருக்கு.

தபீதாள் சும்மா இருக்கிறவளா? “லீனா நைனா, முந்தியெல்லாம் பதினோரு மணிக்கே போய் சேந்துட்டேன்னு போன் பண்ணுவே. இப்போ மத்தியானம் ஆவுது. வண்டிய தள்ளிக்கினு போறியா?”

“ரோடு வேல நடக்குதுமே.”

“எந்த ஊர்ல?”

இவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவளும் அத்தோடு விட்டுவிட்டாள். விட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

ஜூலையில் ஒரு நாள் காலை இவர் வண்டியைக் கிளப்பப் போகையில், தபீதாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். தையல் வேலை அத்தனை கிடக்க எதற்கு என்று கேட்டார். “சும்மா. காத்து வாங்க” என்றாள். பூதலப்பட்டு தாண்டியது. சாலை அகலமாக விரிந்து கிடந்தது. இவர் ஐம்பத்தைந்திலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

“எழுவதுல போ” என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எழுவதா? எதுக்கு?”

“தூக்கத்துல தெனம் சொல்றியே, அறுவத்தஞ்சு, எழுவதுன்னு. பொம்பள பேரா இருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன். நம்பராச்சேன்னு விட்டேன். போ, எனக்கும் காட்டு.”

வேறு வழியில்லை. அழுத்தினார். அறுபது. அறுபத்தைந்து. ஸ்டீரிங் உதறத் தொடங்கியது. கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினார். எழுபது. தபீதாள் நடுவில் இன்ஜின் மூடியின் மேல் நகர்ந்து வந்து, “அந்தக் கைய எடு” என்று அவருடைய இடதுகையைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஸ்டீரிங்கைத் தானே பிடித்தாள்.

“அய்யய்யோ, கர்த்தாவே! என் மெஷின் மோட்டார் மாதிரி இன்னா இப்பிடி உதறுது?” அவளுடைய வளையல்கள் கிணுகிணுவென்று ஆடின. “என் கையும்தான் ஆடுது. எனக்கும் வியாதியா?”

ஜெபகுமார் அந்த வளையல்களையே பார்த்தார். ஏழு மாதமாக அவருக்குத் தோன்றாத விஷயம்! வேறொருவர் கையை ஸ்டீரிங்கில் வைத்துப் பார்த்தால் முடிந்துபோகிற வேலை. தன் கையை மட்டும் மறைத்துக்கொண்டே இருந்ததில் அது மட்டும் புத்திக்கு எட்டவே இல்லை. வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்டினார். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், நடுவே சிரிக்கவும் செய்தார்.

“ஸ்தோத்திரம்! வண்டி கெட்டுப் போச்சுமே, ஸ்தோத்திரம்!”

வண்டி கெட்டதற்கு ஆண்டவரைத் துதித்த லாரிக்காரர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

லோடை இறக்கிய கையோடு திருப்பதி ஆட்டோ நகருக்கு விட்டார்கள். அங்கே முனிரத்தினம் பட்டறை போட்டிருந்தார். நகரி பக்கத்து மனுஷர், முன்சக்கர வேலையில் பேர் வாங்கியவர். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேள்வி கேட்டார்.

“எப்ப ஆடுதுணா? பிரேக் அடிக்கும்போதா, சும்மா போய்க்கினு இருக்கும்போதா?”

“சும்மா போகும்போது. எழுவதுல.”

“வேகம் கொறச்சா?”

“நின்னுடுது.”

“எந்த மாசத்துல இருந்து? அதுக்கு முன்ன வண்டில இன்னா வேல பண்ணே?”

“ஒண்ணும் பண்ணலியே. புது வருஷத்துக்கு பெயின்ட் அடிச்சேன், அவ்ளோதான்.”

முனிரத்தினம் சட்டென்று திரும்பிச் சக்கரத்தைப் பார்த்தார். வெள்ளி நிறமும் சிவப்பு நட்டும் பளபளத்துக்கொண்டிருந்தன. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தின் விளிம்புக்கு ஒட்டினாற்போல ஒரு கம்பியை நிறுத்தி வைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஒரு பக்கம் வரும்போது விளிம்பு கம்பியில் உரசியது, எதிர்ப்பக்கம் வரும்போது விலகி இடைவெளி விட்டது. இரண்டு முன்சக்கரத்திலும் அதே கதை.

“சூடண்ணா, பாரு. சக்கரம் கோணலா சுத்துது.”

“சுரேஷ்பாபு மெஷின்ல போட்டுப் பாத்தானே?”

“மெஷின்ல சக்கரத்த நடு ஓட்டையில கூம்பு வெச்சி புடிப்பாங்க. அங்க நேராதான் நிக்கும். வண்டில மாட்டினாதான் கோணுது. கழட்டிப் பாக்காத நானும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

கழற்றினார். உள்பக்கத்தைத் திருப்பியதும் பட்டறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சக்கரம் அச்சின் முகத்தோடு ஒட்டவேண்டிய இடமெல்லாம் வருஷக்கணக்காக அடித்த பெயின்ட், அடை அடையாக. மேலே கடைசியாக அடித்தது ஈரத்தில் நசுங்கி, ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து கல்லாக உறைந்திருந்தது.

“இன்னாணா இது, வீட்டு செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சாப்ல! இங்க இரும்போட இரும்பு ஒட்டணும். நடுவுல நீ பாய் போட்டு வெச்சிக்கீற. இங்க கொஞ்சம் சாஞ்சா டயராண்ட போறப்ப அது பெருசாவும். அது மட்டுமில்ல, பெயின்ட் மேல இறுக்கின நட்டு நிக்காது, தளர்ந்துக்கினே வரும். சக்கரம் தனியா உருண்டு போயிருந்தா, யார் மேல போயிருக்கும்?”

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற சந்திரகிரி ரோடு ஜெபகுமாரின் கண்ணில் வந்து போயிற்று. தப்பித்தோம் என்ற நன்றியும், நாமே செய்தோமே என்ற வெட்கமும் ஒன்றாக வந்தன. தபீதாள் குனிந்து அந்தப் பெயின்டை விரலால் தட்டிப் பார்த்தாள்.

“கர்த்தர் பாக்குற பக்கமாம். பாத்தாரு. ஏழு மாசமா பாத்துக்கினே இருந்தாரு, இந்த மனுஷன் எப்ப திருந்துவான்னு.”

முனிரத்தினம்கூடச் சிரித்துவிட்டார். பிறகு வேலை நடந்தது. உள்முகத்தின் பெயின்டைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, இரும்பு வெறும் இரும்பாகத் தெரியும்வரை தேய்த்தார்கள். ஜெபகுமாரும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து தேய்த்தார். ஊர் மெச்ச அடித்த வெள்ளியைத் தானே சுரண்டி எடுப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. நட்டு உட்காரும் இடங்களையும் சுத்தம் செய்து, சக்கரங்களை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கினார் முனிரத்தினம். கம்பியை வைத்துச் சுற்றிக் காட்டினார். சீராக, எங்கும் உரசாமல் சுற்றியது.

“அம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி ஒருவாட்டி இறுக்கிடு. மறக்காதணா. இனிமே அழகெல்லாம் வெளிப்பக்கத்தோட வெச்சிக்கோ.”

சித்தூருக்குத் திரும்பும்போது சந்திரகிரி தாண்டியதும் ஜெபகுமார் முள்ளைப் பார்த்தார். அறுபத்தைந்து. எழுபது. ஸ்டீரிங் அவர் கையில் தூங்குகிற குழந்தையாக இருந்தது. எழுபத்தைந்துவரை கொண்டு போய்ப் பார்த்தார். ஹும், அசைவே இல்லை. வாய் தானாகப் பாட்டு முணுமுணுத்தது. காலையிலிருந்து தூக்கிலேயே கிடந்த எலுமிச்சை சாதத்தைத் தபீதாள் உருட்டி ஊட்ட, “துன்னுக்கினே ஓட்டினா போலீஸ் புடிப்பான்” என்று சொல்லிக்கொண்டே வாங்கித் தின்றார்.

பூதலப்பட்டில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார். சாயங்கால வெயில் சாலையில் நீளமாக விழுந்திருந்தது. ஸ்பேனரை எடுத்து, முனிரத்தினம் சொன்னபடி நட்டு நட்டாக இறுக்கினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தபீதாளின் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வலதுகையில் டீ கிளாஸ். இடதுகை மடியில் சும்மா கிடந்தது.

அதன் கட்டைவிரல் அசைந்தது.

வண்டியின் உதறல் கையில் மிச்சம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம்தான், வண்டி இப்போது உதறவே இல்லையே என்பது நினைவுக்கு வந்தது. பெஞ்சை இறுக்கிப் பிடித்தார். விரல் நின்றது. விட்டார். மெல்ல, யாரோ உள்ளிருந்து ஆட்டுவிக்கிற மாதிரி, மறுபடி அசைந்தது. ஏழு மாதமாகக் கையை நீட்டிப் பார்த்திருக்கிறார், செம்பைத் தூக்கிப் பார்த்திருக்கிறார், ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். சும்மா வைத்து மட்டும் பார்த்ததில்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது. இடதுகை தானாகவே எழுந்து பேன்ட் பாக்கெட்டை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் அவருக்கு நைனாவின் ஞாபகம் வந்தது. எப்போதும் பாக்கெட்டில் கைவிட்டபடி கோயில் வாசலில் நிற்கிற நைனா. கையைத் திருப்பி எடுத்தார். தனக்கும் தபீதாளுக்கும் நடுவே பெஞ்சின் மேல், உள்ளங்கை மேலே பார்க்க, அதை வைத்தார்.

“தபீ, இத கொஞ்சம் பாருமே.”

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “பாத்துட்டேன். ஈஸ்டர் அன்னிக்கி கோயில்ல ராப்போஜன வரிசையில கைய தொங்கப் போட்டுக்கினு நின்னியே, அப்பவே.”

“ஏன் சொல்லல?”

“உங்க நைனாகிட்ட மொதமொதல்ல நாந்தான் கேட்டேன், இன்னா மாமா வெரலு ஆடுதுன்னு. புதுசா வந்த மருமவ, வாய வெச்சிக்கினு சும்மா இல்லாம கேட்டுட்டேன். அன்னிக்கி பாக்கெட்டுக்குள்ள போன கைதான். நீயும் ஒளிச்சிக்கினா நான் எங்க போய் தேடுவேன்? நீயா காட்டுவேன்னு இருந்தேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “அதுக்குதான் இன்னிக்கி வண்டில ஏறினேன். எது வண்டி, எது நீன்னு பிரிச்சிப் பாக்கணும்ல?”

ஜெபகுமார் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார், பிறகு விட்டார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. “புடிச்சா நிக்குதுமே. சும்மா வெச்சா ஆடுது” என்றார் கடைசியில், முனிரத்தினத்துக்குப் பதில் சொன்ன அதே குரலில்.

“இதையே நாளைக்கி டாக்டராண்ட சொல்லு.”

“ஓட்டக் கூடாதுன்னுட்டா?”

“கழட்டிப் பாக்காத ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு முனிரத்தினம் சொன்னாரே, கேட்டேல்ல?”

“என்னிய கழட்டுவாங்களாமே?” என்று சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

தபீதாள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “வண்டிக்கி ஏழு மாசம் குடுத்தே. உனக்கு நாளைக்கி காலைல வரைக்கும்தான். ஏழு மாசமெல்லாம் நான் குடுக்க மாட்டேன்.”

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்கள். சித்தூர்வரை எபினேசர் எழுபதில் போயிற்று, ஸ்டீரிங் அசையவில்லை. ஊர் எல்லையில் வண்டிகள் தேங்கி நின்றபோது ஜெபகுமாரின் இடதுகை மடியில் கிடந்தது. விரல் அசைந்தது. தபீதாள் பார்த்தாள், அவரும் பார்த்தார். அவர் கையை மறைக்கவில்லை.